இரண்டு அம்மோனியம், ஒரு சல்பேட்

சோதனைக் குழாயைச் சாய்த்துப் பிடித்து, அதன் வாய்க்கு மேலே கையை மெல்ல விசிறி, ஆவியை மூக்குப் பக்கம் தள்ளினேன். அப்படித்தான் முகர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். குழாய்க்குள் தேர்வுக்காகக் கொடுத்த வெள்ளை உப்பு, அதோடு கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடு. அடியில் பர்னர் நீலமாக எரிந்தது. சின்னச் சின்னக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வந்தன.

எந்த நெடியும் வரவில்லை.

மறுபடி விசிறினேன். கண்ணை மூடிக்கொண்டேன். பர்னர் அணைந்துவிடும் என்று மின்விசிறியை நிறுத்தி, ஜன்னல்களையும் சாத்திவைத்திருந்தார்கள். வெளியே நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்று பின்னோக்கி வரும் சத்தம், எங்கோ தண்ணீர்க் குழாய் சொட்டும் சத்தம். கண்ணாடியின் சூடு மரக் கவ்வியைத் தாண்டி விரலுக்கு வந்தது. பாதித் தூக்கத்தில் நிற்பதுபோல இருந்தது. நெடி மட்டும் வரவே இல்லை.

விடைத்தாளில் ‘நெடி ஏதும் இல்லை’ என்று எழுதினேன். அதற்கு நேரே, ‘அம்மோனியம் இல்லை’ என்றும் எழுதினேன். போன தடவையும் இதே வரிசையில் இதே இரண்டு வரிகளைத்தான் எழுதியிருந்தேன்.

ஒரு கடிதம்

எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தைப் பற்றிச் சில வாரங்களுக்கு முன்பு எழுதியபோது, படிவத்தில் ‘நெடி’ என்று இருக்கும் கட்டத்தை மட்டும் நான் நிரப்புவதில்லை, பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிடுவேன் என்று போகிற போக்கில் சொல்லியிருந்தேன். கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் அதைப் பிடித்துக்கொண்டார். ‘உங்களுக்கு மூக்கு இல்லையா?’ என்று கேட்டு எழுதியிருக்கிறார். இருக்கிறது ஐயா. எடுப்பாகவே இருக்கிறது. அதன் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பதோ இருபதோ. திருவொற்றியூரில் ஒரு மாடிக் கட்டடத்தில், ஆய்வக உதவியாளருக்கான இரண்டு வருடப் படிப்பு. எழுத்துத் தேர்வுகள் எல்லாவற்றிலும் தேறிவிட்டேன். உப்பைக் கண்டுபிடிக்கும் செய்முறைத் தேர்வில் மட்டும் விழுந்தேன். ஒரு வெள்ளைத் தூளைக் கொடுப்பார்கள். அதற்குள் இருக்கும் நேர்மின் அயனி எது, எதிர்மின் அயனி எது என்று கண்டுபிடித்து, இரண்டையும் சேர்த்து வாய்ப்பாட்டை எழுத வேண்டும். மூன்று மணி நேரம்.

இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் அன்றைக்கே ஒரு இடம் எனக்காகக் காத்திருந்தது. என் தோழி யசோதரா முதல் தடவையிலேயே தேறி அங்கே சேர்ந்திருந்தாள். “எங்க மேடம் கையில கால்ல வியுந்து ஒரு சீட்டு நிறுத்தி வச்சிகீறேன். இந்த வாட்டியும் கோட்டை வுட்டா அவங்க வேற ஆளு எடுத்துப்பாங்க, சொல்லிட்டேன்” என்றாள்.

அம்மா காசிமேட்டில் மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்பவள். அவள் மிரட்டவில்லை. “போனா போவுது வுடு. எறா உரிக்கிற ஷெட்டுல ஆளு கேக்கறாங்க. நானும் கூட வந்து குந்திக்கறேன்” என்று ஆறுதல் சொன்னாள். அந்த ஆறுதல்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. இறால் உரித்து உரித்து, ஐஸ் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிப்போன விரல்களோடு திரும்பும் அக்காக்களைத் தினமும் பார்ப்பவள் நான். அவர்கள் நல்ல பாட்டுக்காரிகள், நல்ல சிரிப்புக்காரிகள். ஆனாலும் எனக்கு அந்த விரல்கள் வேண்டாம் என்றிருந்தது.

பெட்டியும் பிடியும்

யசோதரா வியாசர்பாடிக்காரி. ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் வாங்கக் காசிமேட்டுக்கு வருவாள். வாங்கி முடித்ததும், கவிழ்த்துப் போட்ட படகொன்றின் மேல் இரண்டு பேரும் உட்கார்ந்து கதை பேசுவோம். வெயில் ஏறுவதற்கு முந்தைய நேரம். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும். எது எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

முதல் தடவை விழுந்த பிறகு, நான் வாய்ப்பாடுகளை மனப்பாடம் செய்ய ஆரம்பித்திருந்தேன். NaCl, MgCl₂, Al₂O₃ என்று ஜெபம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். காலடியில் சின்னதாக நிற்கும் அந்த எண்கள் எங்கிருந்து முளைக்கின்றன என்று எனக்கு நிஜமாகவே புரிந்திருக்கவில்லை. மெக்னீசியத்தின் தலைக்கு மேலே இரண்டு என்று வகுப்பில் எழுதியிருந்தார்கள். வாய்ப்பாட்டில் அதே இரண்டு குளோரினின் காலடிக்குப் போய்விடுகிறது. ஏன் போகிறது?

அப்போது ஐஸ் பெட்டிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு பக்கமும் இரண்டு பிடி. ஒவ்வொரு பிடிக்கும் ஒரு பெண்.

“ஏன்டி, அந்தச் செவப்புப் பொடவைக்காரி தனியா தூக்கிடுவா போலக்கீது. எதுக்கு ரெண்டு பேரு?” என்று யசோதரா கேட்டாள்.

எங்கள் ஆட்களின் பழக்கம் அவளுக்குத் தெரியாது. மீன்காரிக்கு எப்போதும் ஒரு கைதான் சும்மா இருக்கும். இன்னொரு கை இடுப்பிலிருக்கும் கூடையைப் பிடித்திருக்கும். கூடையைக் கீழே வைத்துவிட்டு எவளும் பெட்டிக்குக் கை கொடுக்க மாட்டாள், வைத்த இடத்தில் மீன் இருக்காது. அதனால் ஒரு பெட்டி நகர வேண்டும் என்றால் இரண்டு பெண்கள் வேண்டும். இதைச் சொன்னேன்.

யசோதரா அடுத்த பெட்டியின் பிடிகளையும் கைகளையும் எண்ணினாள். பிறகு என் பெயரைக் கூவி, முதுகில் ஓங்கி ஒரு அடி கொடுத்தாள்.

“எயிலு! இதான்டி சல்பேட்டு!”

“இன்னாது?”

“பெட்டிதான்டி சல்பேட்டு. ரெண்டு பிடி கீதுல்ல, அதான் மைனஸ் ரெண்டு. ஒத்தக் கைக்காரி ப்ளஸ் ஒண்ணு. சோடியமோ, பொட்டாசியமோ, அம்மோனியமோ, எவளா இருந்தாலும் ரெண்டு பேரு வந்தாத்தான் பெட்டி கெளம்பும். கையும் சும்மா இருக்கக் கூடாது, பிடியும் தொங்கக் கூடாது. அவ்ளோதான் மேட்டரு.”

“அப்ப மெக்னீசியம்?”

“அது கூடையே இல்லாத ஆளு. ரெண்டு கையும் சும்மா கீது. குளோரைடு ஒத்தப் பிடி வாளி. கைக்கு ஒண்ணா ரெண்டு வாளி தூக்கிடும். எம்ஜிசியெல் டூ!”

“அலுமினியத்துக்கு ப்ளஸ் மூணாச்சே? மூணு கை எவளுக்குடி கீது?”

அவள் யோசித்தாள். மணலில் விரலால் கோடு போட்டாள். மூன்று கைக்காரிகள் இரண்டு பேர், ஆறு கை. இரண்டு பிடிப் பெட்டிகள் மூன்று, ஆறு பிடி. Al₂O₃. மூன்று கை வைத்த மீன்காரி இருந்தால் காசிமேடே அவள் கைக்குள் வந்துவிடும் என்று சொல்லி இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்றும் இரண்டும் நேராகப் பொருந்தாதபோது ஆறில் போய்ச் சந்தித்துக்கொள்கின்றன என்பதை அந்த மணலில்தான் கற்றுக்கொண்டேன்.

அன்றிலிருந்து அயனிகள் என் பகல் கனவில் வர ஆரம்பித்தன. பேருந்தில் நின்றபடியே கண் சொருகும்போது வருவார்கள். எதையோ இழந்தவர்கள் சிலர், கூடுதலாகப் பெற்றவர்கள் சிலர். ஈரக் கரையில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருப்பார்கள். யாரும் தனியாக ஒரு இடத்தில் நின்றுவிட மாட்டார்கள். சரியான எண்ணிக்கையில் ஆள் சேர்ந்ததும் அமைதியாகப் படிந்து வெள்ளை வெளேரென்று மின்னுவார்கள். விழித்துப் பார்த்தால் என் நிறுத்தம் தாண்டிப் போயிருக்கும்.

என் மூக்கின் பெருமை

கும்பகோணத்து வாசகருக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் நல்ல மூக்கு என்னுடையதுதான். செவுளைத் தூக்கிப் பார்த்தும் அம்மாவுக்குச் சந்தேகம் தீராவிட்டால், மீனை என் முகத்துக்கு நேரே நீட்டுவாள். நேற்றைய மீனா, முந்தாநாள் மீனா என்று சொல்லிவிடுவேன். ஒரு தடவைகூடத் தப்பானதில்லை.

ராயபுரத்தில் ஷேர் ஆட்டோ ஏறினால் கண்ணை மூடிக்கொண்டே வீடு வந்து சேர்வேன். ஈர வலையும் டீசலும் கலந்து வந்தால் காசிமேடு. காலடிப்பேட்டைப் பக்கம் யார் வீட்டிலாவது வடகம் தாளிக்கும் வாசனை ஓடிவந்து ஏறும். மேற்கே இருந்து காற்றடித்தால் பெட்ரோல் ஆலையில் எண்ணெய் காய்ச்சும் நெடி வரும், நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் வீட்டையும் தாண்டி வடக்கே அத்திப்பட்டுக்குப் போனால் நிலக்கரி வாசனை, மழை பெய்த அன்று அது சுட்ட கல் வாசனையாக மாறும். எங்கள் வீடு எர்ணாவூரில், கடல் கொண்டுபோன குப்பத்துக்குப் பதிலாகக் கொடுத்த குடியிருப்பில், இரண்டாம் மாடி. அங்கே வந்ததும் எந்த வாசனையும் இருக்காது. வாசனை நின்றுவிட்டால் வீடு வந்துவிட்டது என்று அர்த்தம், கண்ணைத் திறந்து இறங்கிக்கொள்வேன்.

இப்பேர்ப்பட்ட மூக்கை வைத்துக்கொண்டு நான் ஏன் சந்தேகப்பட வேண்டும்? முதல் தடவை குழாயில் நெடி வரவில்லை என்றதும் அம்மோனியத்தை அடித்துவிட்டேன். உலோகங்களைத் தேடினேன், எதுவும் அகப்படவில்லை. கடைசிப் பத்து நிமிடத்தில் துத்தநாக சல்பேட் என்று எழுதிவைத்தேன். துத்தநாகம் ப்ளஸ் இரண்டு, சல்பேட் மைனஸ் இரண்டு. கணக்கு அழகாக நேராயிருந்தது, உப்புதான் வேறாக இருந்தது. மின்சுமை எத்தனை பேர் என்று சொல்லும், யார் என்று சொல்லாது.

மறுபடியும் அந்த மேசை

இரண்டாம் தடவைக்கு வருகிறேன். பேரியம் குளோரைடு சேர்த்ததும் குழாயில் பால் உறைந்ததுபோல வெள்ளை வீழ்படிவு வந்தது. அமிலம் ஊற்றியும் கரையவில்லை. ஆக, சல்பேட் இருக்கிறது. பிறகு உலோகங்களைத் தொகுதி தொகுதியாகத் தேடினேன். ஈயம் இல்லை. செம்பு இல்லை. ஹைட்ரஜன் சல்பைடின் அழுகின முட்டை நாற்றம் எனக்கு நன்றாகவே தெரிந்தது, ஆனால் குழாயில் நிறமே வரவில்லை. அலுமினியம் இல்லை, துத்தநாகம் இல்லை, கால்சியம் இல்லை, மெக்னீசியம் இல்லை. ஒவ்வொரு குழாயும் தெளிந்த தண்ணீராகவே நின்றது.

குழாய்களை வரிசையாக நிறுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாத்திய ஜன்னலின் கண்ணாடி வழியே மார்கழி வெளிச்சம் மங்கலாக வந்து அவற்றுக்குள் இறங்கியது. எல்லாமே வெகு தூரத்தில் நடப்பதுபோல இருந்தது. எறா ஷெட் நினைவுக்கு வந்தது. ஏதாவது ஒரு உலோகத்தின் பெயரை எழுதிவிட்டு எழுந்து போய்விடலாமா என்றும் தோன்றியது.

அப்போதுதான் நேரான ஒரு கேள்வி வந்தது. சல்பேட் இருக்கிறது, அதை என் கண்ணால் பார்த்தேன். அதற்கு மைனஸ் இரண்டு. அதை யாரும் பிடிக்காமல் அது இப்படிக் கெட்டியான உப்பாக என் கைக்கு வந்திருக்க முடியாது. யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். சோடியமும் பொட்டாசியமும் எங்கள் தேர்வில் வருவதில்லை, மற்ற எல்லோரையும் தேடியாயிற்று, ஒருத்தரைத் தவிர. அந்த ஒருத்தரை நான் மூக்கை நம்பித் தள்ளிவிட்டிருந்தேன்.

உப்பையும் சோடியம் ஹைட்ராக்சைடையும் மறுபடி சூடாக்கினேன். இந்தத் தடவை முகரவே இல்லை. கண்ணாடித் தண்டை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்துக் குழாயின் வாய்க்கு அருகில் கொண்டுபோனேன்.

வெண்புகை எழுந்தது. குபுகுபுவென்று, திரள் திரளாக. விடியற்காலையில் எண்ணூர் முகத்துவாரத்தின் மேல் நிற்கும் பனி மாதிரி தண்டைச் சுற்றி நின்றது. நனைத்த சிவப்பு லிட்மஸ் தாளைக் காட்டினேன், நீலமானது. என் மூக்குக்கு ஐந்து விரற்கடை தூரத்தில் அம்மோனியா வந்துகொண்டே இருந்திருக்கிறது. எனக்கு எதுவுமே தெரியவில்லை.

‘அம்மோனியம் இல்லை’ என்பதை அடித்தேன். ‘நெடி ஏதும் இல்லை’ என்பதை அடிக்க மனம் வரவில்லை, அது உண்மைதானே. கீழே (NH₄)₂SO₄ என்று எழுதினேன். அம்மோனியத்தைச் சுற்றி அடைப்புக்குறி, அதன் காலடியில் சின்னதாக ஒரு இரண்டு.

இரண்டில் ஒன்று பொய்

தேர்வாளர் சேலம் பக்கத்திலிருந்து வந்திருந்தார். காலையிலிருந்தே கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. கண்கள் சிவந்திருந்தன. என் தாளைப் படித்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“நெடி இல்லைன்னு எழுதியிருக்கே. அம்மோனியம் இருக்குன்னும் எழுதியிருக்கே. ரெண்டுல ஒண்ணு பொய்யாத்தானே இருக்கணும்?”

“ரெண்டும் நெசம் சார்.”

“யாரைப் பாத்து எழுதின?”

பார்த்து எழுதினேன் என்று அவர் குறித்துவிட்டால் அடுத்த தேர்வுகூடக் கிடையாது. சல்பேட்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். மைனஸ் இரண்டு தனியாக நிற்காது என்று சொன்னேன். அம்மோனியத்துக்கு ஒன்றுதான் என்பதால் இரண்டு பேர் வேண்டும் என்று சொன்னேன். பதற்றத்தில் பெட்டி, பிடி என்றெல்லாம்கூட உளறினேன்.

அவர் குழாயை வாங்கி, தானே சூடாக்கினார். சூடேறியதும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். பிறகு அதை என் பக்கம் நீட்டினார்.

“இப்ப?”

இழுத்து முகர்ந்தேன். “இல்ல சார்.”

“சளி பிடிச்சிருக்கா?”

“இல்ல சார்.”

அவர் முகத்தில் கோபம் ஏறியது. இந்தப் பெண் எதிரிலேயே நின்று பொய் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார். இருமல் அவரை விடவில்லை. “அந்த ஜன்னலை எல்லாம் தொறந்துவிடுங்கப்பா, மூச்சே விட முடியலை” என்று உதவியாளர் பாலு அண்ணனிடம் சொன்னார்.

பாலு அண்ணன் ஜன்னல்களைத் திறந்தார். வடக்கே இருந்து குளிர்ந்த காற்று வந்து மேசையிலிருந்த தாள்களைப் புரட்டியது. பர்னர்கள் வரிசையாக அணைந்தன.

தேர்வாளர் இரண்டு கைகளாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார். “என்னய்யா இது? தொறந்ததும் இன்னும் ஜாஸ்தியாகுது?”

“எண்ணூர் பக்கத்து உரக் கம்பெனிக் காத்து சார். இன்னிக்கி கம்மிதான். ரெண்டு நாளு இருந்தீங்கன்னா பழகிடும்” என்றார் பாலு அண்ணன்.

தேர்வாளர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“உன் வீடு எங்கேம்மா?”

“எர்ணாவூர் சார்.”

“பொறந்ததிலேருந்தா?”

“அந்தப் பக்கம்தான் சார்.”

நாற்காலியில் உட்கார்ந்து என் தாளை மறுபடி மேலிருந்து கீழாகப் படித்தார். வாய்ப்பாட்டுக்கு ஒரு டிக் போட்டார். பிறகு, ‘நெடி ஏதும் இல்லை’ என்ற வரிக்குப் பக்கத்திலும் பேனாவை நிறுத்தி யோசித்து, அதற்கும் ஒரு டிக் போட்டுக் கையெழுத்திட்டார்.

நல்ல காற்று

கீழே யசோதரா காத்திருந்தாள். “இன்னாச்சி?” என்றாள். தலையாட்டினேன். நடுத்தெருவில் என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு பயம் உள்ளே இறங்கியிருந்தது. ஷேர் ஆட்டோவில் வீடு வரைக்கும் கண்ணை மூடவில்லை.

அம்மா வியாபாரம் முடித்துக் குளித்து, ஈரத் தலையோடு இரண்டாம் மாடி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். சூரியன் சாய்ந்து, புகைபோக்கிகளுக்கு மேலே வானம் ரோஜா நிறத்தில் இருந்தது. பார்க்க அத்தனை அழகாக இருந்தது, அதைச் சொல்லாமல் விட முடியாது.

“பாஸாயிட்டேம்மா” என்றேன்.

அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள். என் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது.

“அம்மா, ஒண்ணு கேக்கறேன். இங்க உனக்கு எதனா நாத்தம் தெரியுதா?”

அம்மா முகத்தை உயர்த்தி, வடக்குப் பக்கம் திரும்பி, நிதானமாக முகர்ந்து பார்த்தாள்.

“நாத்தமா? ஒண்ணியும் இல்லியே” என்றாள். “நல்ல காத்துடி. கடவுள் புண்ணியத்துல நம்ம வூட்டுக்கு மட்டும் காத்துக்குக் கொறச்சலே இல்ல.”

சொல்லிவிட்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிட்டாள்.